தாளில் இல்லாத பன்னிரண்டு பேர்

சென்னை
12.3.1996

திருமதி இஞ்ஞாசியம்மாள் அவர்களுக்கு,

பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையூர்களில் நடந்துவரும் புற்றுநோய்க் கணக்கெடுப்பில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடல் வரை உள்ள பகுதி உங்கள் பொறுப்பு. 1995ஆம் ஆண்டுக்கான உங்கள் தாள்கள் வந்து சேர்ந்தன. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. கணக்குதான் தெளிவாக இல்லை.

புதிதாக நோய் கண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் தாள், அந்த நோயால் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத் தாள் என்பது ஏற்பாடு. நீங்கள் அனுப்பிய வெள்ளைத் தாள் முப்பத்தொன்று. அவற்றில் பன்னிரண்டு பேருக்கு மஞ்சள் தாள் இந்த ஆண்டுக் கட்டிலும் இல்லை, சென்ற ஆண்டுக் கட்டிலும் இல்லை. நோயே வராமல் பன்னிரண்டு பேர் அந்த நோயால் இறந்துபோனார்கள் என்று உங்கள் தாள்கள் சொல்லுகின்றன.

ஒன்று, அவர்கள் வேறு ஏதோ நோயில் இறந்திருக்க வேண்டும். அல்லது அவர்கள் உயிரோடு இருந்தபோது நீங்கள் அந்த வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும். எது என்று எழுதுங்கள். மே மாதத்துக்குள் விளக்கம் வராவிட்டால் உங்கள் பகுதி முழுவதையும் அறிக்கையிலிருந்து நீக்கும்படி பரிந்துரைப்பேன். அகில இந்திய அட்டவணையில் தவறான வரி ஒன்று ஏறுவதைவிட அந்த வரி இல்லாமல் போவது மேல்.

வைத்தீஸ்வரன்
புள்ளியியல் அலுவலர்


பாளையங்கோட்டை
20.3.1996

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இரண்டாம் தடவை கோபம் வந்தது, மூன்றாம் தடவைதான் பதில் எழுத வந்தது.

அந்த வீடுகளுக்கு நான் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வீட்டிலும் படியேறியிருக்கிறேன். சில வீடுகளில் மூன்று தடவை. எனக்கு வயது நாற்பத்தாறு. இந்த வேலைக்கு முன்னால் பதினெட்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டியவள். எந்த வீட்டில் என்ன வாடை அடிக்கிறது என்று வாசலிலேயே தெரியும். தெரிந்து என்ன செய்ய? "யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுகிறவர்களிடம் மஞ்சள் தாளை எப்படி நீட்டுவது?

ஒரு வீட்டை மட்டும் சொல்லுகிறேன். புன்னைக்காயலில் ஒரு பெண், வயது நாற்பத்திரண்டு. புருஷன் படகு வைத்திருக்கிறவர். தீட்டு நின்று இரண்டு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. துணிகளை விடியுமுன் கழிமுகத்துப் பக்கம் கொண்டுபோய் அலசிக்கொண்டு வந்திருக்கிறாள். கேட்டவர்களிடம் சூடு என்றிருக்கிறாள். மெலிந்துவிட்டாயே என்று கேட்டால் சர்க்கரை என்றிருக்கிறாள். கடைசி இருபது நாள் படுக்கையில் கிடந்தபோதுதான் வீட்டுக்காரருக்கே தெரியும். செத்த பிறகு அவர் என்னிடம், "எழுதாதீய. மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கேன். தாய்க்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்?" என்றார்.

நான் எழுதினேன். அந்த வெள்ளைத் தாளைத்தான் நீங்கள் தப்பு என்கிறீர்கள்.

நோய் வராமல் யாரும் சாகவில்லை ஐயா. நோயோடு அவர்கள் நடமாடிக்கொண்டிருந்த நாட்களில் யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. நீக்குவதானால் நீக்குங்கள். நீக்கினால் அவர்கள் இரண்டாம் தடவை செத்த மாதிரி.

தங்கள் உண்மையுள்ள,
இஞ்ஞாசியம்மாள்


சென்னை
8.4.1996

திருமதி இஞ்ஞாசியம்மாள் அவர்களுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சில மாதங்களாக வாய்ப்புண். ரசம் சாதம்கூட எரிகிறது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் தாடை வலிக்கிறது. அதனால்தான் டெலிபோனில் சொல்லி முடிக்கக்கூடியதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வீடுகளுக்குப் போகவில்லை என்று நான் எழுதியது தவறு. ஆனாலும் வீட்டார் வாயால் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒரு மரணத்தைச் சேர்க்க முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

சென்னையில் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று முதலிடத்தில் இருக்கிறது, ஆண்களுக்கு வயிறு. பம்பாயில் பெண்களிடையே மார்புப் புற்று மேலே வந்துவிட்டது. இப்படிச் சில பெருநகரங்களின் கணக்கை வைத்துக்கொண்டுதான் நாடு முழுவதற்கும் மதிப்புப் போடுகிறோம். கிராமத்துக் கணக்கு மிகக் குறைவு. ஓரிடத்தில் எண்ணிக்கை ஏறினால் நோய் ஏறுகிறது என்று எழுதிவிடுகிறோம். ஏறியது நோயா, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையா என்பது பல சமயம் எங்களுக்கே தெரியாது. உங்கள் ஆற்றங்கரைக் கணக்கு சரியாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. சரியாக இல்லையென்றால் அதை வைத்து யாராவது, இங்கெல்லாம் இந்த நோய் கிடையாது, ஆஸ்பத்திரி எதற்கு என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே ஒரு டாக்டர் சீட்டு, ஒரு எக்ஸ்ரே, சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட், எதுவாக இருந்தாலும் சரி. பன்னிரண்டு பேருக்கும் தேடிப் பாருங்கள்.

நானும் தாமிரபரணிக் கரைதான், கல்லிடைக்குறிச்சிக்காரன். அப்பா அங்கே கணக்கு வாத்தியார். அந்த ஆறு கடலில் சேருமிடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

வைத்தீஸ்வரன்


பாளையங்கோட்டை
6.5.1996

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி போய்வந்தேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எட்டுப் பேருக்குச் சீட்டு கிடைத்தது, இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒருவருடைய ஸ்கேன் அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டு மருமகள் பின்பக்கமாக ஓடிவந்து சீட்டை என் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தாஜ் முகம்மது என்பவரின் தாயார் சென்ற ஆகஸ்டில் தவறியவர். "எங்ககிட்ட ஒரு சீட்டும் இல்லம்மா, எல்லாத்தையும் அப்பவே கிழிச்சுப் போட்டுட்டோம். உம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கும் பார்ப்போம் என்று தாயாரின் பெட்டியைத் திறந்தார். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்து ஒரு சீட்டு இருந்தது. அந்த அம்மா தனியாக இன்னொரு டாக்டரிடம் போயிருக்கிறார். மகனுக்கு நோய் தெரிவதற்கு ஐந்து மாதம் முந்திய தேதி. தாஜ் முகம்மது அதைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க அவங்ககிட்ட மறைச்சோம். அவங்க எங்ககிட்ட மறைச்சிருக்காங்க. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு..." என்று சொல்லிக் கடைப்பையன்கள் முன்னாலேயே அழுதார்.

மீதி நாலு பேருக்குக் காகிதம் எதுவும் கிடையாது. டாக்டரிடமே போகாதவர்கள்.

அந்த நாலு பேரில் ஒருத்தியைப் பற்றி நான் உங்களிடம் முழுசாகச் சொல்லவில்லை. முதல் கடிதத்தில் எழுதினேனே, புன்னைக்காயல் பெண், அவள் என் கூடப்பிறந்த தங்கை அஞ்சலின். அந்தப் படகுக்காரர் ஹென்றி என் கொழுந்தன். நான் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேட்கிற ஒன்பது கேள்விகளையும் அவளிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. என் தங்கைதானே, இருந்தால் சொல்லமாட்டாளா என்று நினைத்தேன். அவள் ஏன் சொல்லவில்லை தெரியுமா? சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டேன். "ஒங்கிட்ட சொன்னா நீ நோட்டுல எழுதிருவியேக்கா" என்றாள்.

அதனால்தான் உங்கள் கடிதம் எனக்கு அப்படிச் சுட்டது. ஹென்றி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. என் தங்கையிடம் கேட்கத் தவறியதை உங்களிடம் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வாய்ப்புண் மாதக்கணக்கில் ஆறவில்லை, காரம் எரிகிறது, தாடை வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெற்றிலை போடுவீர்களா? புகையிலை உண்டா? நடுவில் உள்ள மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். மூன்று விரல் நுழைய வேண்டும்.

இஞ்ஞாசியம்மாள்


சென்னை
15.5.1996

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தங்கையைப் பற்றிப் படித்தபின் மற்ற கோப்புகளை அன்று திறக்கவில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்த உறவுமுறையை நான் பார்த்திருக்க வேண்டும். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அக்கா என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன், நோய் கண்ட உறுப்பின் குறியீட்டு எண்ணைப் பார்த்தேன். அதைப் பார்க்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

எட்டுப் பேரும் சேர்ந்துவிட்டார்கள். மீதி நாலு பேரை, பயிற்சி பெற்ற களப்பணியாளர் நேரில் கண்டு சொன்ன மரணங்கள் என்று தனியே குறித்து என் பொறுப்பில் சேர்த்திருக்கிறேன். மேலே கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பகுதி அறிக்கையில் இருக்கும்.

வெற்றிலை முப்பது வருடப் பழக்கம். புகையிலை ஒரு சிட்டிகைதான். இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. நான் இருக்கிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒன்றென்றால் எனக்குத் தெரியாதா?

வைத்தீஸ்வரன்


பாளையங்கோட்டை
27.5.1996

மதிப்பிற்குரிய ஐயா,

நாலு பேரையும் சேர்த்ததற்கு நன்றி என்று எழுதினால் போதாது. அஞ்சலினின் கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் மாஞ்சோலைக்கு உதவிக்கு அனுப்பினார்கள். மலைப்பாதை பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களில் இருபத்தாறு பேர் சோதனைக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி, "வலியே இல்லம்மா, அதான் டாக்டர்ட்ட போகல" என்றாள். வலிக்காமல் இருப்பதுதான் இந்த நோயின் கெட்ட குணம் என்று அவளிடம் சொன்னேன்.

நான் கேட்டது மூன்று விரல் நுழைகிறதா என்று. நீங்கள் எழுதியது நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று. என் தங்கையும் இப்படித்தான். மெலிந்துவிட்டாயே என்றால் மீன்குழம்பு சாப்பிட்டாயா என்பாள்.

இத்துடன் ஒரு மஞ்சள் தாள் வைத்திருக்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் ஒரு டாக்டரிடம் காட்டி, ஒன்றும் இல்லை என்று அதிலேயே எழுதி வாங்கித் திருப்பி அனுப்புங்கள்.

இஞ்ஞாசியம்மாள்


சென்னை
5.6.1996

திருமதி இஞ்ஞாசியம்மாள்,

அரசாங்கப் படிவங்கள் விளையாட்டுக்கு அல்ல. என் உடம்பு அலுவலகக் கடிதங்களில் பேசப்பட வேண்டிய விஷயமும் அல்ல. இனிக் கணக்கெடுப்பு தொடர்பாக மட்டும் எழுதவும்.

வைத்தீஸ்வரன்


பாளையங்கோட்டை
2.8.1996

ஐயா,

ஆறு மாதத் தாள்கள் இணைத்திருக்கிறேன். மஞ்சள் பதினொன்று, வெள்ளை பதின்மூன்று.

கணக்கெடுப்பு தொடர்பாக மட்டும் எழுதச் சொன்னீர்கள். கடிதம் கடிதமாக விரலைப் பற்றி எழுதுவதற்கு எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. நேற்று மூலைக்கடை பூத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு டெலிபோன் போட்டேன். நீங்கள் விடுப்பு என்றார்கள். நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

இஞ்ஞாசியம்மாள்


சென்னை
20.9.1996

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுத ஏழு வாரமாகிவிட்டது.

அந்த மஞ்சள் தாளைக் கிழித்துப் போட எனக்குக் கை வரவில்லை. சட்டைப் பையில் வைத்திருந்தேன். வேட்டி சட்டைகளைத் துவைக்கப் போடும்போது என் மனைவி ராஜலக்ஷ்மி அதை எடுத்திருக்கிறாள். கூடவே உங்கள் கடிதமும் இருந்தது. படித்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள். "வாயைத் திறங்கோ" என்றாள். திறந்தேன். அவளுடைய விரல் ஒன்றும் பாதியும்தான் நுழைந்தது. வலது கன்னத்தின் உள்பக்கம் அவள் விரல் பட்ட இடத்தில் ரத்தம் வந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சதை எடுத்துப் பார்த்தார்கள். கன்னப் புற்று. கழுத்தில் ஒரு நெறி கட்டியிருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன், பிறகு கதிர் வைத்தியம். இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் என்ன என்பதை டாக்டர் சொல்லவில்லை. எனக்கு அந்த எண்கள் தெரியும்.

இப்போது எழுதப்போவதை ராஜலக்ஷ்மியிடம்கூட நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் கையில் மஞ்சள் தாளோடு வந்தாள். எங்கள் கணக்கெடுப்புப் பெண்தான், புதிதாகச் சேர்ந்தவள், என்னைத் தெரியாது. பெயர், வயது, சொந்த ஊர் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "முதன்முதலில் எப்போது தெரிந்தது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அந்தத் தாளில் சேர்க்கச் சொன்னவனே நான்தான். பதினான்கு வருடமாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததற்கும் டாக்டரிடம் வந்ததற்கும் நடுவில் எத்தனை மாதம் என்று சராசரி போட்டு, மக்களின் அறியாமையே காரணம் என்று மூன்று அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன்.

அவளிடம் "இரண்டு மாதம்" என்றேன்.

பதினைந்து மாதம், சகோதரி. போன வருடம் கோடையிலேயே எனக்குத் தெரியும். வெள்ளையாக ஒரு தடிப்பு. தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அறியாமையா எனக்கு? படித்தவன் இப்படியா இருப்பான் என்று அந்தச் சின்னப் பெண் நினைத்துவிடுவாளே என்ற வெட்கம். வேறொன்றும் இல்லை. உங்கள் தங்கை துணியை அலசிக்கொண்டு வந்ததும் இதே வெட்கத்தில்தானே.

மறுநாள் போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துத் திருத்தச் சொன்னேன். "பரவாயில்ல சார், நெறைய பேரு இப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

நான் உங்களுக்கு ஜூன் மாதம் எழுதிய கடிதத்தை நினைத்தால் கூசுகிறது.

வைத்தீஸ்வரன்


பாளையங்கோட்டை
26.9.1996

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இனி ஐயா என்று எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதக் கடிதத்தை மறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் புண்ணைத் தொட்டால் கத்தாதவர்களைத்தான் நாங்கள் பயந்து பார்ப்போம். நீங்கள் கத்தினீர்கள், அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வீக்கம் இருக்கும். கண்ணாடி பார்க்க வேண்டாம், ராஜலக்ஷ்மியம்மா முகத்தைப் பாருங்கள், அதில் தெரியும். கதிர் வைக்கும்போது வாய் வறண்டுவிடும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டே இருங்கள். சாத்தான்குளத்திலிருந்து நல்ல பனங்கற்கண்டு வாங்கிப் பார்சல் போட்டிருக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கரைத்துக் குடிக்க வேண்டும்.

நீங்கள் வெட்கம் என்று எழுதியதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அஞ்சலின் என்னைப் பார்த்துப் பயந்தாள் என்றுதான் ஒரு வருடமாக என்னையே தின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு என்மேல் பயமில்லை, அவளுக்கு வெட்கம், அவ்வளவுதான் என்று நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

அவள் மூத்த மகள் பியூலா போன ஞாயிற்றுக்கிழமை தகப்பனுக்குத் தெரியாமல் என்னைப் பார்க்க வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் அவளே சொல்லிவிட்டாளாம், அம்மா எதில் செத்தாள் என்று. "மறைச்சு வச்சுக் கட்டிக்கிட்டு நானும் அம்மா மாதிரி துணி அலசணுமா பெரியம்மா?" என்றாள். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லையாம். அவன் தாய்தான் யோசிக்கிறாளாம். பார்ப்போம்.

உங்களுக்காக இக்னேசியார் கோவிலில் ஒரு பூசை வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இஞ்ஞாசியம்மாள்


சென்னை
18.1.1997

அன்புள்ள சகோதரிக்கு,

கன்னத்தின் உள்பகுதியையும் கழுத்து நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆறு வாரக் கதிரும் முடிந்தது. எடை பதினொரு கிலோ குறைந்துவிட்டது. முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. எல்லாம் கூழாகத்தான் இறங்குகிறது. டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார். இரண்டு வருடம் தாண்டட்டும் என்கிறார். நானும் இப்போது வருடக் கணக்கில் யோசிப்பதில்லை, அடுத்த சோதனைத் தேதி வரைக்கும்தான்.

பேச்சுதான் போய்விட்டது. வார்த்தைகள் வருகின்றன, ஆனால் குழறுகின்றன. அலுவலகத்தில் என் உதவியாளன் சங்கரசுப்பிரமணியன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன சார்?" என்கிறான். ராஜலக்ஷ்மி புரியாமலே புரிந்துகொண்டதாகத் தலையாட்டுவாள், பிறகு காபிக்குப் பதில் தண்ணீர் வரும். அதனால் பேசுவதைக் குறைத்துவிட்டேன்.

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் உங்கள் ஊர்கள் இருக்கின்றன. கீழ்த் தாமிரபரணியில் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றில் மரணம் அதிகம், நோய் கண்டறிவது தாமதம் என்று ஒரு வரி இருக்கிறது. அதையொட்டி ஸ்ரீவைகுண்டத்தில் மாதம் ஒரு சோதனை முகாம் வைக்க உத்தரவு வந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் அறியாமை என்று போடவில்லை. மூன்று நாள் யோசித்து, "சொல்லக் கூசுதல்" என்று போட்டேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் விட்டுவிட்டார்.

வைத்தீஸ்வரன்


பாளையங்கோட்டை
11.2.1997

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கினேன். நாற்பத்தேழாம் பக்கத்தை ஹென்றியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. "இதுல எங்க இருக்கா அவ?" என்று கேட்டார். ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டினேன், இதற்குள் இருக்கிறாள் என்றேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க மதினி" என்றார். ஒன்றரை வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய பேச்சு. பியூலாவுக்குச் சித்திரையில் கல்யாணம், அதே பையன்தான்.

முதல் முகாம் நடந்தது. ஒன்பது பேர்தான் வந்தார்கள். முகாமை முடித்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெண் தலையில் மீன்கூடையோடு வந்து நின்றாள். லில்லி என்று பெயர், புன்னைக்காயல்காரி, வயது முப்பத்தொன்பது. வீடு வீடாக மீன் விற்கிறவள். "அம்மா, அஞ்சலின் அக்காவோட அக்காதான நீங்க? எனக்கும் அப்படித்தான் படுது. நாலு மாசமா. உள்ள வந்தா எல்லாரும் பாப்பாவன்னு இங்கன நிக்கேன்" என்றாள். கூடையை இறக்க வைத்து, கையோடு உள்ளே கூட்டிப்போனேன்.

இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் ஆரம்பம்தான். பாளையங்கோட்டை டாக்டர் கதிர் வைத்தியத்துக்கு மெட்ராஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். ஐந்தாறு வாரம் தங்க வேண்டும். புருஷன் இல்லை, மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறாள். இதற்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிப் போனவளே இல்லை. "மெட்ராஸுல யாரு இருக்கா எனக்கு? நான் போகல" என்று உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறார்கள் என்று நான் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நீங்களும் தேறாத உடம்போடு இருக்கிறீர்கள், ராஜலக்ஷ்மியம்மாவுக்கு எத்தனை சிரமம் என்றும் தெரியும். முடியாதென்றால் ஒரு வரி போடுங்கள், வருத்தப்படமாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை ரயிலில் ஏற்றிவிடுவதாக இருக்கிறேன்.

இஞ்ஞாசியம்மாள்


சென்னை
14.3.1997

அன்புள்ள தங்கை இஞ்ஞாசிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். லில்லி பத்திரமாக வந்து சேர்ந்ததை மட்டும் அதில் போட்டேன். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு ராஜலக்ஷ்மியும் நானும் போயிருந்தோம். கூட்டத்தில் ஒரு கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மறைக்காமல் சொல்லுகிறேன், முதல் இரண்டு நாள் வீட்டில் சங்கடமாகத்தான் இருந்தது. சமையலறை வாசலில் யார் எதுவரை வருவது என்று ராஜலக்ஷ்மிக்குக் குழப்பம். லில்லியும் கூடத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் முதல் கதிர் முடிந்து வந்து அவள் சுருண்டு படுத்துவிட்டாள். வாந்தி. ராஜலக்ஷ்மி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் லில்லி அடுப்படியில் உட்கார்ந்து எனக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருக்கிறாள், ராஜலக்ஷ்மி பக்கத்தில் நின்று உப்பு போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் வாசற்படியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் சொல்ல நினைத்தது வேறு. அன்று நான் ஏதோ குழறினேன். ராஜலக்ஷ்மி வழக்கம்போலத் தலையாட்டினாள். லில்லி திரும்பிப் பார்த்து, "ஜன்னலச் சாத்தச் சொல்லுதாவம்மா, கண்ணுல வெயில் அடிக்கி" என்றாள். நான் சொன்னது அதேதான். எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். "கரையில நின்னு படகுல உள்ளவங்க கத்துததக் கேக்கமே சார், காத்து பாதியத் தின்னுரும், மீதிய நாமதான் போட்டுக்கிடணும்" என்றாள். ஆறு மாதத்தில் என்னை "என்ன?" என்று கேட்காத முதல் ஆள். அன்றிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். ராஜலக்ஷ்மியும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வருகிறாள். நேற்று இரண்டு தடவை அவளே சரியாகச் சொல்லிவிட்டாள்.

லில்லிக்கு நாளையோடு பதினெட்டுக் கதிர் முடிகிறது. கட்டி நன்றாகச் சுருங்கிவருவதாக டாக்டர் சொன்னார். நான் முன்கூட்டி எதையும் சொல்லுகிற பழக்கமில்லாதவன், ஆனால் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். உங்களுக்கு அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்:

"அக்காட்ட சொல்லுங்க, சந்தைக்கு எங்கூட வாறவளுவள்ல இன்னும் ரெண்டு பேருக்கு இப்படி இருக்கு. எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காளுவ. அவளுவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. லில்லி நல்லாயிருக்கா, சோறு திங்கா, அவ சொல்லித்தான் வந்தேன்னு சொல்லச் சொல்லுங்க. கதவத் தெறப்பாளுவ."

ஒருத்தி ஆத்தூரில் பாலத்தடியில் இருக்கிறவள், பெயர் செல்லக்கனி. இன்னொருத்தி புன்னைக்காயல் கோவிலுக்குப் பின்தெருவில், பெயர் ரெஜினா.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே போங்கள்.

வைத்தீஸ்வரன்